வளர்ப்பு எலியின் கடைசி நாட்கள்: கருணைக்கொலை என்பது உண்மையில் என்ன?

கொங்கு நாட்டில் எலி என்றதும் நினைவுக்கு வருவது சேதம்தான். கடலைக் காட்டில் விளைந்த காயைத் தோண்டித் தின்னும் எலி, பொள்ளாச்சித் தோப்பில் குரும்பையைத் துளைத்து உதிர்க்கும் எலி, வீட்டில் மூட்டையைக் கடித்து நெல்லைச் சிந்தும் எலி என்று தலைமுறை தலைமுறையாகப் பகையாகவே அறிந்த ஓர் உயிரை, கோயம்புத்தூரிலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் இன்று சில வீடுகள் கூண்டு வாங்கி, பெயர் வைத்து வளர்க்கின்றன. அந்த எலி நோயுற்று முடிவை நெருங்கும்போது வீட்டில் இருப்பவர்களுக்கு ஏற்படும் தடுமாற்றத்தைப் பகிர்ந்துகொள்ள ஆள் கிடைப்பதில்லை. "எலிக்குப் போய் டாக்டரா?" என்று கேட்பவர்கள் ஒருபுறம் இருக்கிறார்கள், "உயிரை எடுக்க நாம் யார்?" என்று கேட்பவர்கள் மறுபுறம் இருக்கிறார்கள். இரு தரப்பினரும் கருணைக்கொலை என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அந்தச் சொல் குறிக்கும் செயலில் என்ன நடக்கிறது என்பதை அவர்களில் பெரும்பாலோர் அறிந்திருப்பதில்லை.

எங்கள் வீட்டில் எள்ளு என்ற கறுப்பு வெள்ளைப் பெண் எலி இரண்டு ஆண்டும் நான்கு மாதமும் வாழ்ந்தது. அதன் முடிவை நான் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அந்த ஒரு வாரம் எதனால் தவறாயிற்று என்று விளங்கிக்கொள்ள எனக்குப் பல மாதங்கள் ஆயின. அப்போது நான் தெரிந்து வைத்திருக்க வேண்டியவற்றை, எலி வளர்ப்பில் பழக்கமே இல்லாதவருக்கும் புரியும்படி இங்கே எழுதுகிறேன்.

சொல்லில் இருக்கும் சிக்கல்

பிற மொழிகள் பல இச்செயலுக்கு வழங்கும் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. அதன் நேர்ப்பொருள் "நல்ல இறப்பு". தமிழில் நாம் வழங்கும் சொல்லில் "கொலை" இருப்பதால், கருணை என்ற முன்பாதி எவ்வளவு முயன்றாலும் பின்பாதியின் பாரத்தைக் குறைக்க முடிவதில்லை. அதோடு, மனிதர்களைப் பற்றிய வழக்குகளும் இதில் வந்து கலந்துவிடுகின்றன. 2018இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மீளமுடியாத நிலையில் இருக்கும் மனிதருக்குச் சிகிச்சையை நிறுத்திக்கொள்வது பற்றியது. உயிர் பிரிய ஊசி போடுவதை அது மனிதருக்கு அனுமதிக்கவில்லை. விலங்கு மருத்துவத்தில் நாம் பேசுவது அந்த ஊசியைப் பற்றித்தான். ஆகவே ஒன்றுக்குச் சொன்ன வாதத்தை மற்றொன்றுக்கு அப்படியே எடுத்து வைப்பது பொருந்தாது.

இக்கட்டுரையில் கருணைக்கொலை என்பதற்கு ஒரே பொருளைத்தான் கொள்கிறேன். மீள வழியில்லாத துன்பத்தில் இருக்கும் ஒரு விலங்கை முதலில் முழுமையாக உணர்விழக்கச் செய்து, அந்த உணர்வு திரும்புவதற்கு முன்பே உயிர் பிரியச் செய்வதே கருணைக்கொலை. இதில் இரண்டு நிபந்தனைகள் அடங்கியுள்ளன: காரணம் உண்மையானதாக இருக்க வேண்டும், உணர்வு முதலிலும் உயிர் பிறகுமாகப் போக வேண்டும். துன்பமே இல்லாத எலியைச் சுமையென்று கருதி முடிப்பதும், துன்பப்படும் எலியை அதன் அறிவு விழித்திருக்கும்போதே கொல்வதும் இந்தச் சொல்லுக்குள் அடங்குவதில்லை.

சட்டமும் இதற்கு அருகில்தான் நிற்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், மனிதனல்லாத எந்த உயிரினத்தையும் விலங்கு என்றே வரையறுக்கிறது. எனவே எலியும் அதில் அடக்கம். தேவையற்ற கொடுமையான முறையில் விலங்கைக் கொல்வது 11ஆம் பிரிவின்படி குற்றம். அதே சட்டத்தின் 13ஆம் பிரிவோ, ஒரு விலங்கை உயிரோடு வைத்திருப்பதே கொடுமையாகிவிடும் நிலை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறது. இந்த இரண்டு பிரிவுகளையும் அடுத்தடுத்துப் படித்தபோதுதான், கொல்வது மட்டுமல்லாமல் கொல்லாமல் விடுவதும் கொடுமையாகலாம் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அன்றே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது.

ஒரு வாரம் என்பது எவ்வளவு காலம்

வளர்ப்பு எலியின் ஆயுள் பெரும்பாலும் இரண்டிலிருந்து மூன்று ஆண்டுகள். இரண்டரை ஆண்டு என்று வைத்துக்கொண்டால் 130 வாரங்கள். எழுபத்தைந்து ஆண்டு வாழும் மனிதரின் காலத்தை இந்த 130 வாரங்களோடு ஒப்பிட்டால், எலியின் ஒரு வாரம் நம்முடைய ஏழு மாதங்களுக்குச் சற்றேறக்குறையச் சமமாகிறது. எலி காலத்தை நம்மைப்போல எண்ணுவதாக நான் சொல்லவில்லை. அதன் உடலில் நோய் நடக்கும் வேகத்தைத்தான் சொல்கிறேன். திங்கட்கிழமை சுண்டைக்காய் அளவு இருந்த கட்டி மாதக் கடைசியில் எலுமிச்சை அளவுக்கு வந்துவிடக்கூடும். காலையில் லேசாக இளைத்த மூச்சு மறுநாள் திணறலாகிவிடக்கூடும்.

"இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம்" என்பது மாட்டுக்கோ நாய்க்கோ பல நேரங்களில் நியாயமான சொல். எலிக்கு அதே சொல்லைச் சொல்லும்போது, அதன் கடைசிக் காலத்தின் பெரும்பகுதியை நாம் துன்பத்துக்கு ஒதுக்கிவிடுகிறோம். நான் செய்தது அதுதான். எள்ளுவுக்கு நாளைக் குறிக்க வேண்டிய நேரத்தில், வார இறுதியில் எல்லோரும் வீட்டில் இருக்கும்போது முடிவு செய்யலாம் என்று எண்ணினேன்.

இயற்கையான சாவு என்று நாம் நினைப்பது

தானாகப் போகட்டும் என்று சொல்பவர்களின் மனத்தில் இருக்கும் காட்சி, வயதான எலி ஒரு மூலையில் சுருண்டு படுத்து, உறக்கத்திலேயே மூச்சு நின்றுபோவது. அப்படிப் போகும் எலிகளும் உண்டு. ஆனால் வயதான எலிகளுக்கு அடிக்கடி வரும் நோய்களைப் பார்த்தால், அந்தக் காட்சியை நம்பி ஒரு முடிவை எடுக்க இயலாது.

முதலாவது மூச்சுக்குழல் நோய். மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி வளர்ப்பு எலிகளில் மிகப் பரவலாக இருக்கிறது. இளமையில் தும்மலோடு நிற்கும் அது, வயதாகும்போது நுரையீரலைச் சிறிது சிறிதாகக் கெடுக்கிறது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அதை அடக்குமே தவிர, உடலை விட்டு முற்றிலுமாக வெளியேற்றுவதில்லை. எலி இயல்பாக மூக்கால் மட்டுமே மூச்சு விடும் விலங்கு. அது வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கிறது என்றால், நீரில் மூழ்குபவர் மேலே வரத் துடிக்கும் நிலையோடுதான் அதை ஒப்பிட வேண்டும். அந்த நிலை மணிக்கணக்கில், சில வேளைகளில் நாட்கணக்கில் நீடிக்கலாம்.

இரண்டாவது, பெண் எலிகளுக்கு வரும் மார்புக் கட்டி. எலியின் பால்சுரப்பித் திசு கழுத்திலிருந்து தொடை இடுக்கு வரை பரந்திருப்பதால், அக்குளிலோ வயிற்றோரத்திலோ எங்கும் கட்டி தோன்றலாம். இவற்றில் பெரும்பாலானவை பரவாத வகை. இளமையும் வலுவும் உள்ள எலிக்கு அறுவை சிகிச்சையில் எடுத்துவிடலாம். எடுக்காமல் விட்டால் கட்டி தரையில் உரசிப் புண்ணாகி, நடையையே தடுக்கும்.

மூன்றாவது, பிட்யூட்டரி என்ற சுரப்பியில் வளரும் கட்டி. இச்சுரப்பி மூளையின் அடிப்பக்கத்தில் இருக்கிறது; அதில் கட்டி பெருகும்போது மூளை நெருக்கப்படுகிறது. முன்கால்கள் விறைத்து உணவைப் பிடிக்க முடியாமல் போவது, தலை ஒரு பக்கம் சாய்வது, வட்டமாகச் சுற்றுவது, சுவரில் தலையை அழுத்தி நிற்பது ஆகியவை அதன் அடையாளங்கள். எள்ளுவுக்கு வந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். இவை தவிர, முதுமையில் சிறுநீரகம் மெல்ல மெல்லச் செயலிழப்பதும் எலிகளுக்கு வழக்கம்.

ஆக, நல்ல இறப்பு என்பது பொதுவான பொருள். அதன் வழி, உணர்வு முதலில் போக வேண்டும் என்ற விதி. எலிக்கு நோய் வேகமாக நடப்பதால் தாமதத்தின் விலை அதிகம். தானாகப் போகும் சாவு பெரும்பாலும் உறக்கமாக அமைவதில்லை. இனி, துன்பத்தை எப்படி அடையாளம் காண்பது என்று பார்ப்போம்.

வாயில்லாச் சீவன் சொல்வது

ஆடு மேய்ப்பவர்களுக்கு ஒன்று தெரியும். பட்டியில் நோயுள்ள ஆடு கத்தி ஊரைக் கூட்டுவதில்லை. மற்றவை மேயும்போது அது ஒதுங்கி நிற்கும்; மந்தை நகரும்போது இரண்டு அடி பின்தங்கும். அந்த இரண்டு அடியைக் கவனிப்பவரே நல்ல மேய்ப்பர். இரையாகும் விலங்குகள் எல்லாவற்றுக்கும் இதே இயல்புதான்: வலியைக் காட்டிக்கொள்வது வேட்டை விலங்குக்கு அழைப்பு விடுப்பதாகும். எலி ஆட்டைவிடச் சிறிய இரை. ஆகவே இன்னும் ஆழமாக மறைக்கிறது.

வாயில்லாச் சீவன் என்று நாம் இரக்கத்தோடு சொல்கிறோம். எலிக்கு வாயும் உண்டு, குரலும் உண்டு. துன்பத்திலும் அச்சத்திலும் அது எழுப்பும் குரல் ஏறத்தாழ 22 கிலோஹெர்ட்ஸ் அதிர்வில் அமைகிறது. விளையாட்டிலும் மகிழ்ச்சியிலும் எழுப்புவது 50 கிலோஹெர்ட்ஸை ஒட்டியது. மனிதக் காதின் எல்லையோ 20 கிலோஹெர்ட்ஸ். அது அழும்போது நாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் ஒன்றும் கேட்பதில்லை. இதை முதன்முதலில் தெரிந்துகொண்ட இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை.

காதால் முடியாததைக் கண்ணால் செய்யலாம். 2011இல் ஆய்வாளர்கள் எலியின் முகத்தில் வலி எப்படித் தெரிகிறது என்பதை வகுத்து, முகச்சுளிப்பு அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். வலியுள்ள எலியின் கண் இடுங்கும், மூக்கும் கன்னமும் புடைப்பிழந்து தட்டையாகும், காது சுருண்டு வெளிப்பக்கம் திரும்பும், மீசை விறைக்கும். கூண்டருகே சத்தமில்லாமல் அமர்ந்து ஐந்து நிமிடம் பார்த்தால் புதியவருக்கும் இது பிடிபடும். கையில் எடுத்தவுடன் பார்க்கக் கூடாது. அப்போது அது வலியை மறைத்துவிடும்.

கண்ணையும் மூக்கையும் சுற்றிச் சிவப்பாகக் கசிவதைக் கண்டு பலர் இரத்தம் என்று பதறுகிறார்கள். அது போர்பிரின் என்ற நிறப்பொருள். எலியின் கண்ணுக்குப் பின்னே உள்ள சுரப்பியிலிருந்து வருவது. நலமான எலி அதை உடனே துடைத்துக்கொள்ளும். கசிவு மிகுவதும், துடைக்கப்படாமல் காய்ந்து நிற்பதும், எலி தன்னைத் தானே பேணிக்கொள்ளும் தெம்பை இழந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். மயிர் சிலிர்த்துக் கரடுமுரடாக நிற்பதற்கும், முதுகு கூனுவதற்கும் இதே பொருள்.

"தின்னுட்டுத்தான இருக்குது"

எள்ளுவை மருத்துவரிடம் கொண்டுபோக நான் கிளம்பியபோது என் அம்மா, "தின்னுட்டுத்தான இருக்குது அம்மிணி, அப்பறம் எதுக்கு ஊசி?" என்று கேட்டார்கள். அக்கேள்வியில் தவறில்லை. மாடு தீவனத்தைத் தொடாவிட்டால்தான் நோவு என்று கண்டறிந்த பரம்பரை அது. ஆனால் எலியின் வகையில், உணவிடம் வருவது வேறு, உண்பது வேறு, உண்டது உடலில் ஒட்டுவது வேறு. எள்ளு தட்டைப் பார்த்ததும் ஓடி வந்தது, ஊறவைத்த பச்சைப்பயறை வாயால் கவ்வியது, முன்கால் பிடி கொடுக்காததால் அது கீழே விழுந்தது, மறுபடி கவ்வியது. வெளியிலிருந்து பார்த்த எங்களுக்கு அது தின்றுகொண்டே இருந்ததாகத் தோன்றியது. பயறு எண்ணிக்கையில் குறையவில்லை என்பதை நாங்கள் கவனிக்கவில்லை.

இந்த மயக்கத்திலிருந்து மீட்கும் கருவி, சமையலறையில் மாவு நிறுக்கும் மின்தராசு. வளர்ந்த பெண் எலி பெரும்பாலும் 250 முதல் 350 கிராம் வரையும், ஆண் எலி அதைவிட நன்கு கூடுதலாகவும் இருக்கும். ஒரு கிண்ணத்தை வைத்து எண்ணைச் சுழியாக்கி, எலியை அதில் விட்டு, வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் நிறுத்து எழுத வேண்டும். நோய் வந்த பிறகு நாள்தோறும் எழுத வேண்டும். 320 கிராம் இருந்த எலி 288 ஆனால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. மருத்துவரைப் பார்க்க அதுவே போதிய காரணம். 256 ஆனால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. ஆய்வுக்கூடங்களில் விலங்கின் துன்பத்தை முடித்துவைக்க வேண்டிய எல்லையாகப் பரவலாக ஏற்கப்பட்ட அளவு இது.

தராசு பொய் சொல்லும் இடம் ஒன்று உண்டு. உடலில் கட்டி வளர்ந்துகொண்டிருந்தால், தசை கரைய அதே அளவு கட்டி கூடி, எடை மாறாமல் நிற்கும். அத்தகைய எலிக்கு எண்ணை மட்டும் நம்பாமல், முதுகெலும்பையும் இடுப்பெலும்பையும் விரலால் மெல்லத் தடவிப் பார்க்க வேண்டும். எலும்பு கூர்மையாகத் தட்டுப்பட்டால், எலி தராசு காட்டுவதைவிடக் குறைவாகவே இருக்கிறது.

எல்லையை முன்கூட்டியே குறிப்பது

வெள்ளம் வந்த பிறகு பவானி ஆற்றங்கரையில் அபாயக் குறி போடுவதில்லை. நீர் வற்றியிருக்கும் காலத்தில் போட்டு வைக்கிறார்கள். இறுதி முடிவுக்கும் அதுவே முறை. துன்பம் எந்த அளவை எட்டினால் மேலும் காத்திருப்பதில்லை என்று முன்பே வகுத்துக்கொள்ளும் குறிக்கு ஆய்வு விலங்குகளின் நலத்துறையில் ஒரு பெயர் உண்டு. தமிழில் அதை இரக்க எல்லை என்று சொல்லலாம். 1959இல் வில்லியம் ரசல், ரெக்ஸ் பர்ச் ஆகிய இருவர் ஆய்வு விலங்குகளின் துன்பத்தைக் குறைப்பதற்கான கொள்கையை வகுத்தார்கள். அந்தச் சிந்தனை மரபில் வளர்ந்ததுதான் இந்த எல்லையும். ஆய்வுக்கூட எலிக்கு நெறியாக வகுக்கப்பட்ட ஒன்று, பெயர் வைத்து வளர்த்த எலிக்குக் கிடைக்காமல் போகலாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

எல்லையை எப்படிக் குறிப்பது? அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் நாய், பூனைகளுக்காக வகுத்த வாழ்க்கைத்தர அளவுகோல் எலிக்கும் கைகொடுக்கிறது. வாழ்க்கைத்தரம் என்பது, ஒரு விலங்கு தன் இயல்புக்குரிய நாளை எந்த அளவுக்கு வாழ முடிகிறது என்பதன் மதிப்பீடு. வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் மிகுதியாக உள்ளனவா என்பது ஆகிய ஏழுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் இட வேண்டும். மொத்தம் 35க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம் என்பது அவர் கணக்கு. மூச்சுத் திணறலை வலி என்ற முதல் தலைப்பிலேயே அவர் சேர்த்திருப்பது கவனிக்கத்தக்கது. என் கருத்தில், எலிக்கு மூச்சு சீராக இல்லையென்றால் மற்ற ஆறையும் கூட்டிப் பார்க்கத் தேவையில்லை.

மதிப்பெண் இடுவது கடினமாகத் தோன்றினால் எளிய வழி ஒன்று உண்டு. நம் வீடுகளில் பால் கணக்கு எழுதும் மாத நாட்காட்டி சுவரில் தொங்குகிறது. அதே கட்டத்தின் மூலையில், அன்று எலிக்கு நல்ல நாளாக இருந்தால் ஒரு வட்டமும் கெட்ட நாளாக இருந்தால் ஒரு பெருக்கல் குறியும் போட்டு வரலாம். எது நல்ல நாள் என்பதற்கு, அந்த எலி நலமாக இருந்தபோது விரும்பிச் செய்த நான்கைந்து செயல்களை முன்பே எழுதி வைக்க வேண்டும்: தோளில் ஏறுவது, கூட்டாளியின் முதுகை நக்கிக் கொடுப்பது, துணித் தொட்டிலில் உறங்குவது, தேங்காய்ச் சில்லைப் பறித்துக்கொண்டு ஓடுவது. அவற்றில் பாதிக்கு மேல் நின்றுபோன நாள் கெட்ட நாள். வாரத்தில் பெருக்கல் குறி மிகுந்தால் மருத்துவரிடம் பேச வேண்டும். நம் நினைவு இரக்கத்தால் நல்ல நேரங்களை மட்டும் எடுத்துக் காட்டும். நாட்காட்டி அப்படிச் செய்வதில்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அவசரமும் தவறுதான். வயதான ஆண் எலிகளுக்குப் பின்கால் தளர்ந்து இழுத்து நடப்பது சாதாரணம். அதுவே முடிவுக்குக் காரணமாகாது. கூண்டின் மேல்தளங்களை எடுத்துவிட்டு, மெத்தென்ற துணி விரித்து, உணவையும் நீரையும் எட்டும் உயரத்தில் வைத்து, உடலின் பின்பகுதியைச் சுத்தமாகத் துடைத்து வந்தால் பல எலிகள் மாதக்கணக்கில் நிறைவாக வாழ்கின்றன. கட்டி பெரிதாக இருந்தும் ஓடி ஆடி உண்ணும் எலிக்கும் இதுவே பொருந்தும். பார்க்க நமக்குச் சங்கடமாக இருப்பதும் அது துன்பப்படுவதும் ஒன்றல்ல. வலியைக் குறைக்கும் மருந்துகள் எலிக்கும் உண்டு. ஆனால் மனிதருக்கு வாங்கிய மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் உடைத்துக் கொடுக்கக் கூடாது.

சுருங்கச் சொன்னால், எலி வலியை மறைக்கும் என்பதால் முகத்தையும் எடையையும் நாட்காட்டியையும் சாட்சிகளாகக் கொள்கிறோம். எல்லையை அமைதியான நாளில் குறித்து வைக்கிறோம். அந்த எல்லை வந்தபின் மருத்துவரின் மேசையில் நடப்பதை இனி பார்ப்போம்.

ஊசி போடும்போது உள்ளே நடப்பது

அறுவை அரங்குக்குப் போய் வந்தவர்களைக் கேட்டால், மயக்க மருந்து ஏறியதும் கண் விழித்ததும் மட்டுமே நினைவில் இருப்பதாகவும், நடுவில் இருந்த மூன்று மணி நேரம் எங்கே போனதென்றே தெரியவில்லை என்றும் சொல்வார்கள். உறக்கத்தில் இருப்பவரைத் தட்டினால் விழிப்பார். மயக்கத்தில் இருப்பவரை அறுத்தாலும் அறியார். இதற்கு நடுவே ஒரு மூன்றாவது நிலையும் உண்டு: தணிப்பு மருந்து கொடுத்து அமைதிப்படுத்திய நிலை. அதில் விலங்கு சோர்ந்து கிடக்கும், ஆனால் வலியை உணரும். கருணைக்கொலைக்கு வேண்டியது முழு மயக்கம். பலர் கேள்வி கேட்காமல் விடுவதும் இந்த இடத்தில்தான்.

எலியின் இரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை. விழித்திருக்கும் எலிக்கு அவற்றில் ஊசி ஏற்றுவது எளிதல்ல. ஆகவே நல்ல முறையில் முதற்படியாக, ஐசோஃபுளுரேன் போன்ற மயக்க வாயுவைச் சிறு பெட்டிக்குள்ளோ முகமூடி வழியாகவோ செலுத்துவார்கள். அந்த வாயுவின் மணம் எலிக்குப் பிடிப்பதில்லை என்பதால், சில மருத்துவர்கள் அதற்கு முன்பே தணிப்பு ஊசி போட்டு அச்சத்தைக் குறைப்பதும் உண்டு. முழு மயக்கம் வந்ததைப் பாதத்தைக் கிள்ளிப் பார்த்து உறுதி செய்துகொள்வார்கள். கால் பின்னுக்கு இழுக்கப்படவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

இரண்டாம் படியில் கொடுப்பது பார்பிட்டுரேட் என்ற வகை மருந்து. மயக்கத்துக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு அளவில் கொடுக்கப்படும். அது வேலை செய்யும் விதத்தை ஓர் ஒப்புமையால் விளக்கலாம். சத்தியமங்கலத்துக்கு மேலே திம்பம் மலைப்பாதையில் பாரம் ஏற்றிய லாரி இறங்கும்போது, ஓட்டுநர் பிரேக்கை மிதிப்பதும் விடுவதுமாக 27 கொண்டை ஊசி வளைவுகளையும் கடக்கிறார். மூளையின் நரம்பணுக்களுக்கும் இத்தகைய பிரேக் உண்டு; காபா என்ற வேதிப்பொருள் அதை மிதித்தும் விட்டும் இயக்குகிறது. பார்பிட்டுரேட் அந்தப் பிரேக்கிலிருந்து காலை எடுக்க விடாமல் அழுத்திப் பிடிக்கிறது. நரம்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்குகின்றன.

அடங்கும் வரிசையில்தான் இந்த முறையின் இரக்கம் இருக்கிறது. உணர்வையும் வலியையும் அறியும் மூளையின் மேல்பகுதி குறைந்த அளவு மருந்திலேயே அணைந்துவிடுகிறது. மூச்சை நடத்தும் அடித்தண்டு அதற்குப் பிறகு, கூடுதலான மருந்தில்தான் நிற்கிறது. இதயம் கடைசியில் ஓய்கிறது. நெஞ்சு நிற்பதை அறிவதற்கு அந்நேரம் உள்ளே யாரும் விழித்திருப்பதில்லை. இதே காரணத்தால், முழு மயக்கத்திலுள்ள எலியின் இதயத்தில் நேரடியாக ஊசி செலுத்துவதும் ஏற்கத்தக்கதாகிறது. விழித்திருக்கும் எலிக்கு அதே ஊசி கொடிய வதை.

உடனிருப்பவர்களைக் கலங்கடிக்கும் ஒன்றை முன்பே தெரிந்து வைத்திருப்பது நல்லது. கிணற்று மோட்டாரை நிறுத்திய பிறகும் குழாயில் மிச்சமுள்ள தண்ணீர் சற்று நேரம் வழிந்துகொண்டிருக்கும். விசைத்தறியின் மின்சாரத்தைத் துண்டித்தபின்னும் சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றித்தான் நிற்கும். அதுபோலவே, உணர்வு முற்றிலும் போன பிறகும் எலியின் தசை துடிக்கலாம்; ஓரிரு முறை வாய் திறந்து மூச்சு வாங்குவதுபோலத் தோன்றலாம்; சிறுநீர் கழியலாம்; கண் மூடாமலே இருக்கலாம். "கடைசியில் எவ்வளவு பாடுபட்டது பாருங்கள்" என்று பின்னாளில் பலர் சொல்வது பெரும்பாலும் இந்த எஞ்சிய அசைவுகளைத்தான்.

வீட்டில் ஏன் செய்யக் கூடாது

சிறிய உயிர்தானே என்று வீட்டிலேயே முடிக்க முயல்பவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் அல்லர். பலர் அதுவே விரைவானது என்று உண்மையாக நம்புகிறார்கள். குளிர்ப்பெட்டியில் வைத்தால் உறங்கியபடியே போய்விடும் என்பது அந்த நம்பிக்கைகளில் ஒன்று. வெப்பக் குருதி கொண்ட எலியின் உடல் குளிரை எதிர்த்து நெடுநேரம் போராடும். அந்தப் போராட்டம் முழுவதும் அது விழித்திருக்கும். கடையில் விற்கும் எலி மருந்துகளில் பல, இரத்தம் உறைவதைத் தடுத்து நாட்கணக்கில் உள்ளே கசிய வைத்துக் கொல்பவை. கரியமில வாயு ஈரமான மூக்கிலும் கண்ணிலும் அமிலமாக மாறி எரிகிறது. மேலும் மூச்சு முட்டுகிறது என்ற அச்சத்தை உடலில் எழுப்புவதும் அதே வாயுதான். இவை எல்லாவற்றிலும் உணர்வு முதலில் போக வேண்டும் என்ற விதி உடைகிறது.

மருத்துவரை முன்கூட்டியே தேடி வைப்பதுதான் இதற்கு மாற்று. நம் பகுதியில் பெரும்பாலான கால்நடை மருத்துவர்களின் அன்றாடம் மாடு, ஆடு, கோழி, நாய் ஆகியவற்றோடு கழிகிறது. எலியையும் முயலையும் பார்ப்பவர் யார் என்று எலி நலமாக இருக்கும்போதே தொலைபேசியில் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நகரங்களில் செல்லப்பிராணிகளுக்கான தனியார் மருத்துவமனைகளும் உள்ளன. கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுதான்: "ஊசிக்கு முன்னாடி முழு மயக்கம் குடுப்பீங்களா டாக்டர்?" பிறகு, உடனிருக்கலாமா, இதயம் நின்றதைக் கருவி வைத்து உறுதி செய்வார்களா என்பனவற்றையும் கேட்கலாம். நல்ல மருத்துவர் எவரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

நாய்க்கும் மனிதருக்கும் மயக்கத்துக்கு முன் பட்டினி போடுவது வழக்கம். எலிக்கு அது தேவையில்லை. எலியால் வாந்தி எடுக்க இயலாது. ஆகவே கிளம்பும் வரை அதற்குப் பிடித்ததைக் கொடுக்கலாம். எள்ளுவுக்கு நான் கடைசியாகக் கொடுத்தது, கையில் பிடிக்கத் தேவையில்லாதபடி விரலில் தடவிய கெட்டித் தயிர். அதை அது முழுவதுமாக நக்கித் தீர்த்தது.

இரவில் மருத்துவர் கிடைக்காமல் போனால், எலியை இருட்டான, வெதுவெதுப்பான, சத்தமில்லாத இடத்தில் வைத்து, கூட்டாளி எலி சாந்தமாக இருந்தால் அதையும் அருகில் விட்டு, விடியும் வரை துணையிருப்பதே செய்யக்கூடியது. தூக்கித் தூக்கிப் பார்ப்பது அதன் மூச்சை இன்னும் வாங்க வைக்கும்.

அதற்குப் பிறகு

மருந்து ஏற்றிய உடல் நஞ்சாகவே இருக்கும். நாயோ காகமோ கீரியோ தோண்டித் தின்றால் அவற்றுக்கும் கேடு வரும். தோட்டம் உள்ளவர்கள் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி, இரண்டு மூன்று அடி ஆழத்தில் புதைத்து, மேலே கல் வைக்க வேண்டும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் அடக்கம் செய்யும் பொறுப்பை ஏற்பார்களா என்று மருத்துவமனையிலேயே கேட்டுக்கொள்ளலாம். உடலைக் கையாளக் கையுறையும், பிறகு சோப்பிட்டுக் கழுவுவதும் போதுமானவை.

கூண்டில் இன்னோர் எலி இருந்தால் அதையும் எண்ண வேண்டும். அடைபட்ட தன் கூட்டாளியைக் கதவு திறந்து விடுவிக்கக் கற்றுக்கொள்ளும் அளவுக்கு எலிகளுக்கு ஒன்றின்மேல் ஒன்றுக்குப் பரிவு உண்டு என்பதை 2011இல் சிகாகோவில் நடந்த ஒரு சோதனை காட்டியது. வளர்ப்பவர்கள் பலர், இறந்த உடலைச் சற்று நேரம் கூண்டில் வைத்துக் கூட்டாளி முகர்ந்து பார்க்க விடுகிறார்கள். நாங்களும் அப்படியே செய்தோம். எள்ளுவின் தங்கை போலிருந்த கடுகு அதன் காதருகே இரண்டு முறை நக்கிவிட்டு, போய்த் தன் துணித் தொட்டிலில் படுத்துக்கொண்டது. எள்ளுவின் பழைய துணியை மூன்று நாள் எடுக்காமல் வைத்திருந்தோம். கடுகையும் அன்று முதல் தினமும் நிறுத்தோம். முதல் நான்கு நாளில் பதினோரு கிராம் குறைந்து, பிறகு மெல்ல ஏறியது. பால் கணக்கு நாட்காட்டியில் அந்த வாரத்தின் கட்டங்கள் முழுவதும் என் மகளின் கையெழுத்தில் அந்த எண்கள் இருக்கின்றன.